சிறைக்குள் துப்பாக்கி: எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது?

வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஒருவரை கோர்ட் ரிமாண்ட் செய்தால், வீட்டார் பெரும்பாலும் மனு போட்டுக் காத்திருப்பது புழல் சிறை வாசலில்தான். உள்ளே இருப்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு? அரசுதான். அப்படின்னா, சிறைக் காவலர் எப்போது துப்பாக்கியை எடுக்கலாம்?

1999-ல் என்ன நடந்தது?

சென்னை சென்ட்ரல் அருகே இருந்த பழைய மத்திய சிறையில், 'பாக்ஸர்' வடிவேலு என்ற கைதி இறந்ததைத் தொடர்ந்து 1999 நவம்பர் 17-ல் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் உயிரிழந்தனர். சிறை ஊழியரின் உயிர், கைதியின் உயிர் இரண்டுமே இந்தக் கேள்விக்குள் அடங்கும் என்பதற்கு அந்த ஒரு நாளே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1894-ம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 59-வது பிரிவு, கலவரத்திலும் தப்பியோடும் முயற்சியிலும் கைதிகள் மீது ஆயுதம் பயன்படுத்துவது பற்றி விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. கலவரம், தப்பியோட்டம் இரண்டையும் அது ஒரே வரியில் வைத்துவிடுகிறது. சிக்கலே இங்கேதான்.

1990-ல் ஐ.நா. வகுத்த அடிப்படைக் கோட்பாடுகள் இரண்டையும் பிரிக்கின்றன. காவலில் இருப்பவர் மீது துப்பாக்கியைப் பயன்படுத்த, மரணமோ படுகாயமோ ஏற்படும் உடனடி ஆபத்து இருக்க வேண்டும். தப்பி ஓடுகிறவர் என்றால், அவர் பிறர் உயிருக்கு ஆபத்தானவராக இருந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டும். 2015-ன் நெல்சன் மண்டேலா விதிகள், கைதிகளோடு நேரடியாகப் பழகும் ஊழியர்கள் பொதுவாக ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்கின்றன.

நம் சட்டத்திலும் இந்தப் பார்வை இல்லாமல் இல்லை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரை, கைது செய்யும்போது கொல்ல உரிமை இல்லை என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு. தெருவில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு, சிறைக்குள் போனதும் குறையலாமா? 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்.

சுட்ட பிறகு?

காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும். இலங்கையின் வெலிக்கடை சிறையில் 2012 நவம்பரில் 27 கைதிகள் இறந்தனர். அந்த வழக்கில் முன்னாள் சிறை ஆணையர் எமில் லமாஹேவாவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது 2022 ஜனவரியில். தீர்ப்புக்கே 9 ஆண்டுகள்!

என்ன செய்யலாம்?

2023-ல் மத்திய அரசு மாதிரிச் சிறைச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், முடிவு தமிழக அரசின் கையில். புதிய சட்டம் எழுதும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே துப்பாக்கி. தப்பி ஓடுவது மட்டுமே சுடுவதற்குக் காரணம் ஆகாது. எச்சரிக்கை, உத்தரவிட்டவர் பெயர், ஒவ்வொரு தோட்டாவும் பதிவாக வேண்டும். விசாரணை அறிக்கை குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும்.

இது கைதிக்குச் சலுகை இல்லை. எப்போது சுடலாம் என்று தெளிவாகத் தெரிந்தால், பதற்றமான அந்த நிமிடத்தில் காவலருக்கும் அதுதான் பாதுகாப்பு.