எண்ணத் தெரியாதவர்களும் கேட்கத் தெரியாதவர்களும்

மே மாதம் வந்தால் ஒக்லாந்திலும் மண்டபம் எடுக்கிறார்கள். விளக்கேற்றுகிறார்கள். பிறகு மேடைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு தொகை சொல்கிறார். ஒருவருக்கு நாற்பதினாயிரம், அடுத்தவருக்கு எழுபதினாயிரம், அதற்கடுத்தவருக்கு ஒரு இலட்சத்து நாற்பத்தாறாயிரம். தொகை ஏற ஏறச் சபையில் பெருமூச்சும் ஏறுகிறது. இதை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று கேட்டால், கேட்டவன் துரோகி.

மறுபக்கத்தில் நமது எழுத்தாள நண்பர்கள். எண் என்பது அதிகாரத்தின் மொழி, மனிதத் துயரை எண்ணால் அளக்க முடியாது, எங்களுக்குச் சாட்சியமும் கவிதையும் போதும் என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வன்னிக்குள் எத்தனை பேர் என்ற எண்ணை வைத்துத்தான் 2009இல் அரிசியும் மருந்தும் போயின. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு இலட்சத்துக்கும் குறைவானவர்களே உள்ளே இருக்கிறார்கள் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் உயிரோடு வெளியே வந்தவர்களே இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல். எண்ணை அதிகாரத்திடம் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இந்த இரண்டு பகுதியினரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டாலும் செய்வது ஒரே வேலை. நடந்ததை விசாரித்து அறியும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறார்கள்.

சமூக விஞ்ஞானத்தில் இது பழைய சண்டை. எண்ணி அளப்பதை அளவுசார் ஆய்வு என்பார்கள். கூட இருந்து, கேட்டு, விளங்கிக்கொள்வது பண்புசார் ஆய்வு. யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு முறிந்துபோன என் படிப்பில் இவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு பாடங்களாகவே இருந்தன. இப்போது ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் நிற்கிறேன். எத்தனை கொத்துரொட்டி விற்றது என்று கல்லா மெசின் சொல்லும். எத்தனை கோப்பை பாதியோடு திரும்பி வந்தது என்பது கோப்பை கழுவுகிறவனுக்குத்தான் தெரியும். இருவரையும் கேட்காத முதலாளியின் கடை படுத்துவிடும். இதை விளங்கப் பட்டம் தேவையில்லை.

தொகைகளுக்கு வருவோம். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த தொகை 146,679. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரிகள் பதிந்த தொகை 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம் அதுதான். இத்தனை பேருக்கு என்ன நடந்தது என்று ஆயர் கேட்டார். அவர் வைத்தது ஒரு கேள்வி. மேடைகள் அதைப் பிணங்களின் தொகையாக்கின. அரசுக்கு எவ்வளவு வசதி! கச்சேரிக் கணக்கு பிழை என்று ஒரு வரி சொன்னால் போதும், ஆயரின் கேள்வியும் சேர்ந்து விழுந்துவிடும்.

ஐ.நா. அலுவலர்கள் போர் நடக்கும்போதே எண்ணினார்கள். 2008 ஓகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை கொல்லப்பட்டவர்கள் 7,721, காயப்பட்டவர்கள் 18,479. அதை அப்போது அவர்கள் பகிரங்கமாக வெளியிடவில்லை. நேரே கண்டவர்கள் சொல்லி உறுதியான சாவுகள் மட்டுமே அந்தக் கணக்கில் உண்டு. கண்டவர்கள் இடம்பெயர்ந்து ஓடியபின் சாவு நிற்கவில்லை, எண்ணிக்கைதான் நின்றது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இதைக் குறைவான கணக்கு என்றது. நாற்பதினாயிரம் வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது, முறையான விசாரணையே சரியான தொகையைத் தரும் என்றும் எழுதியது. அந்த வசனத்தின் பின்பாதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அரசும் எண்ணியது. 2011இல் தொகைமதிப்புத் திணைக்களம் வடமாகாணத்தில் வீடுவீடாகப் போய்ச் செத்தவர்களை விசாரித்தது. வந்த விடை சுமார் 9,000. வீட்டில் மிஞ்சியவரிடம் செத்தவரைப் பற்றிக் கேட்பதுதான் முறை. பதுங்குகுழிக்குள் குடும்பமே முடிந்த வீட்டில் யாரைக் கேட்பது? ஊரைவிட்டே போனவர்களை யார் கேட்டது? சீருடைக்காரர் தெருவில் நிற்க, அரசாங்கத்தின் பத்திரத்தில் உன் மகன் எப்படிச் செத்தான் என்று கேட்டால் ஒரு தாய் என்ன சொல்வாள்? இந்தக் கேள்விகளுக்கு எந்த அட்டவணையிலும் விடை கிடையாது. அந்த வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்டவனுக்குத்தான் அட்டவணையின் ஓட்டை எங்கே என்று தெரியும்.

கேட்பதும் எண்ணுவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடையே முன்னோடிகள் உண்டு. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், சிவயோகனோடு சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில் 98 பேரை எடுத்து அளந்தார். அவர்களில் 64 வீதமானோரிடம் போரின் உளப்பாதிப்பு இருந்தது. அளவுகோல் தனி மனிதனைத்தான் அளக்கும். பின்னர் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்கு அவர் மக்களோடு குழுக்களாக உரையாடினார், ஊரை அவதானித்தார். அப்போது தெரிந்தது வேறு காயம். குடும்பமும் ஊரும் உடைந்திருந்தன, ஒருவரையொருவர் நம்புவது போயிருந்தது, மௌனமே பழக்கமாகியிருந்தது. முதல் ஆய்வு இல்லாவிட்டால் வெளியுலகம் திரும்பிப் பார்த்திராது. இரண்டாவது இல்லாவிட்டால் பார்த்தும் விளங்கியிராது.

இங்கே ஒரு மாணவர் கேள்விக்கொத்தோடு எங்கள் குசினிக்கு வந்தார். 'நியூசிலாந்தில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?' ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏதாவதொன்றில் வட்டம் போடவேண்டும். விசா முடிவைப் பார்த்திருந்த என்னோடு வேலை செய்யும் பொடியன் ஐந்தில் போட்டான். ஏன் என்று பிறகு கேட்டேன். "அண்ணை, பேப்பர் எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான். அந்த ஐந்து இப்போது ஏதோ ஒரு சராசரிக்குள் கிடக்கும். இத்தகைய ஆய்வுகள் கடைசிப் பக்கத்தில் ஓர் அகதியின் வாய்மொழியை ஒட்டிவிட்டு இரண்டு முறையையும் இணைத்துவிட்டோம் என்கின்றன. கறி முடிந்தபின் மேலே தூவும் கொத்தமல்லி இலை அது. வாய்மொழி எண்ணைக் கேள்வி கேட்கவேண்டும், எண் வாய்மொழியைக் கேள்வி கேட்கவேண்டும். அதுதான் இணைப்பு.

பெயர்ப்பட்டியலில் இது நடக்கிறது. தனித்தனியே இருவர் தயாரித்த பட்டியல்களை ஒப்பிட்டால், ஒரே பெயர்கள் பெரும்பாலும் இரண்டிலும் இருந்தால் விடுபட்டவர்கள் கொஞ்சம். ஒத்த பெயர்கள் அரிதாக இருந்தால் விடுபட்டவர்கள் அதிகம். இந்தக் கணக்கைப் பல பட்டியல்களுக்கு விரித்து, 2009 மே 17 முதல் 19 வரை இராணுவத்திடம் சரணடைந்து காணாமற்போனவர்கள் சுமார் 500 பேர் என்று பற்றிக் போலும் பிரான்செஸ் ஹரிசனும் 2018இல் மதிப்பிட்டார்கள். அந்தப் பட்டியல்களில் ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவர் வாய்திறந்து சொன்னது. சொல்லாவிட்டால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால், ஐந்நூறா, கட்டுக்கதை என்று தட்டிவிடுவார்கள்.

நாம் வந்து குடியேறிய இந்த மண்ணிலேயே பார்க்கலாம். 1975இல் அமைந்த வைத்தாங்கி நியாயசபை மாவோரி மராயிலேயே போய் அமர்ந்து மூத்தோர் வாய்மொழியைக் கேட்கிறது. பறிபோன நிலத்தின் பத்திரங்களையும் ஏக்கர்களையும் அதனோடு வைத்துப் பார்க்கிறது. 1985இல் அதற்கு 1840வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் கிடைத்தது. பாட்டன் சொன்னதைப் பேரன் காத்து வைத்திருந்ததால் விசாரிக்க ஏதோ இருந்தது.

நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை, நேரமும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் படங்களோடு தெருவில் இருக்கத் தொடங்கிய தாய்மாரில் பலர் விடை தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களோடு ஒரு பெயர், ஒரு திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் போய்விட்டன.

ஒக்லாந்தில் உள்ள நாம் அடுத்த மேக்கு முன் ஒன்று செய்யலாம். பெயர், ஊர், கடைசியாகக் கண்ட நாள், கண்ட இடம், கண்டவர். ஒவ்வொரு வீட்டிலும் இருந்து ஆறுதலாகக் கேட்டு எழுதவேண்டும். ஊரில் உறவுகள் இருப்பதால் சொன்னவரின் பெயரைப் பூட்டி வைக்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதவேண்டும். மண்டபக் காசில் பாதி போதும்.

தொகை சொல்ல ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு பெயரைச் சரியாக எழுதிக் காட்டட்டும். பிறகு மேடை ஏறட்டும்.