தபாலிலே விற்ற மோட்டார் வண்டி

மணற்பாதையிற் செல்லும் மாட்டுவண்டிலுக்குச் சக்கரம் ஏன் அத்துணை பெரிதாக இருக்கின்றது? மாங்கேணியிலே வண்டில் ஓட்டிப் பழகிய முதியவரைக் கேட்டால் விடை உடனே வரும். சிறிய சக்கரம் குழியில் இறங்கிப் புதைந்துவிடும். பெரிய சக்கரமோ குழியின்மேல் உருண்டு கடந்துவிடும். இந்த எளிய உண்மையை நம்பி அமெரிக்காவிலே ஒரு மோட்டார் வண்டி செய்யப்பட்டது. பழைய மோட்டார் வாகனங்களைச் சேகரிப்போர் இன்று அதனைப் பெரிதும் போற்றுகின்றனர்.

சிக்காகோ நகரத்துச் சியர்ஸ் றோபக் நிறுவனம் தபால்மூல வணிகத்திற் புகழ் பெற்றது. தடித்த விலைப்பட்டியல் நூலொன்றை அது நாட்டுப்புறத்து வீடுகளுக்கெல்லாம் அக்காலத்தில் அனுப்பிவந்தது. உழவர் அதனைப் பார்த்துக் கடிதம் எழுதி வேண்டிய பொருளைத் தருவித்துக்கொண்டனர். சென்னையிலிருந்து வி.பி.பி. மூலம் புத்தகம் வரவழைத்த நமது முந்திய தலைமுறையினருக்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. ஆயினும், மோட்டார் வண்டியையே இவ்வாறு வாங்கலாம் என்பதை அவர்கள் எளிதில் நம்பியிருக்கமாட்டார்கள்!

1908 முதல் 1912 வரை அந்நிறுவனம் ‘சியர்ஸ் மோட்டார் பக்கி’ என்ற வண்டியை விற்றது. பக்கி என்பது ஒற்றைக்குதிரை பூட்டும் இலேசான வண்டி. அதே உருவம், இடுப்பளவுக்கு எட்டும் மரச்சக்கரங்கள், அவற்றைச் சுற்றிக் கட்டியான இறப்பர். குதிரை மாத்திரம் இல்லை. தோணியின் சுக்கானைப் போன்ற ஒரு பிடியினால் வண்டியைத் திருப்புவர். 1909ஆம் ஆண்டளவில் அதன் விலை 395 டொலர். 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் ‘ரி’ வகைக் காரின் விலை 850 டொலர் என்பதை நோக்கினால், உழவர்கள் இதனை விரும்பியதன் காரணம் விளங்கும்.

வண்டி பெட்டியில் அடைக்கப்பட்டுப் புகையிரதத்தில் வரும். வாங்கியவர் பெட்டியைப் பிரித்துச் சக்கரங்களைப் பூட்டி, எண்ணெயும் பெற்றோலும் ஊற்றித் தாமே ஓட்டிச் செல்லவேண்டும். அதற்கேற்ப அதன் அமைப்பும் எளிதாகவே இருந்தது. எதிரெதிரே படுத்திருக்கும் இரண்டு சிலிண்டர்கள். அவற்றைக் குளிர்விப்பது காற்றே. ஆகவே, தண்ணீர் ஊற்றும் தொல்லை இல்லை. பற்சக்கரப் பெட்டியும் இல்லை. இயந்திரம் சுழற்றும் தட்டின் முகத்திலே மற்றொரு சக்கரம் செங்குத்தாக அழுந்தி உருளும். அது தட்டின் நடுவை அண்டி நின்றால் வண்டி மெல்லச் செல்லும். விளிம்பை நோக்கி நகர்த்தினால் விரைந்து செல்லும். நடுவைக் கடந்து மறுபுறம் தள்ளினால் பின்னோக்கிச் செல்லும். அங்கிருந்து சங்கிலிகள் பின்சக்கரங்களைச் சுழற்றும். மாணவர்கள் ஒரு சுழலும் தட்டையும் சிறு சக்கரத்தையும் கொண்டு இதன் தத்துவத்தைத் தாமே சோதித்து அறியலாம்.

இத்தனை சிறப்பிருந்தும் ஏறத்தாழ 3,500 வண்டிகளோடு வணிகம் முடிவடைந்தது. செய்வதற்கு ஆன செலவை விற்ற விலை ஈடுசெய்யவில்லை. பாதைகள் சீர்பட்டபின் உயர்ந்த சக்கரத்துக்குத் தேவை குறைந்தது. போர்ட் நிறுவனம் 1913இல் நகரும் தொடர்முறை உற்பத்தியைத் தொடங்கி விலையைக் குறைத்துக்கொண்டே சென்றது. 1925இல் அதன் சிறிய காரொன்றை 260 டொலருக்கு வாங்கக்கூடியதாயிருந்தது. குதிரைவண்டியின் சாயலிலே பிறந்த மோட்டார்கள் களஞ்சியங்களின் மூலைகளை அடைந்தன.

ஆயினும், எல்லாம் அழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1935இலும் 1937இலும் தொடங்கிய பழங்கார்ச் சங்கங்கள் இத்தகைய வாகனங்களைத் தேடிக் காக்கும் ஆர்வத்தை வளர்த்தன. சேகரிப்போர்க்கு இங்கே ஒரு சிக்கலும் உண்டு. மரம் உளுத்துப்போனால் புதுமரம் இடவேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது பழைய வண்டி ஆகுமா? அதனால், உடலும் சக்கரமும் இயந்திரமும் தொடக்கத்தில் இருந்தவாறே அமைந்த வண்டிக்குத் தனி மதிப்புண்டு. விற்பனையிலே தோற்ற பொருள் வரலாற்றிலே வென்றது. அதனை விறகாக்காமல் யாரோ ஒருவர் விட்டுவைத்தமையே அதற்குக் காரணம்.

நமது மாட்டுவண்டிலுக்கும் இப்போது அந்தக் கட்டம் வந்திருக்கின்றது. திருகோணமலை வீதியில் லொறிகளும் உழவு இயந்திரங்களும் ஓடுகின்றன. வண்டிற் சக்கரமோ வேலியோரத்திற் சாய்ந்து கறையானுக்கு இரையாகின்றது. குடம், ஆரக்கால், வட்டை, நுகம் என்னும் பெயர்களும் அதனோடு மறைந்துவருகின்றன. குதிரைவண்டியைப் பார்த்துச் செய்த மோட்டாரை ஒரு நாட்டார் காட்சிச்சாலையில் வைத்துக் காக்கின்றனர். அதே மண்ணறிவிலே பிறந்த நமது வண்டிலை அடுப்புக்குக் கொடுத்துவிடலாமா? மாணவர்களே, வீட்டிலே சக்கரம் ஒன்று கிடந்தால் அதனை நிழலில் நிமிர்த்திவையுங்கள். அதன் உறுப்புகளின் பெயர்களைப் பாட்டனாரிடம் கேட்டு, படம் வரைந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தைப் பின்னரும் செய்துகொள்ளலாம். சொல்லித்தருவோர் மறைந்தபின் அப்பெயர்களை யாரிடம் கேட்பது?