ஞாயிறு வந்தால் ஊர் சுற்றியே ஆக வேண்டுமா?

நாங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டு ஊர் சுற்றுவதாக மதுரையில் ஒரு பேச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வாரம் ஒரு ஏரி, மலை, அரண்மனை என்று வந்துகொண்டிருந்தால் அப்படித்தான் பேசுவார்கள். "உங்களுக்கென்னடி, புருஷனும் பொண்டாட்டியும் ஜாலியாச் சுத்துறீங்க" என்று சித்தி போனில் பெருமூச்சு விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிம்மதியாக இருக்க முடிந்தால் நான் ஏன் சித்தி விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டுகிறேன்?

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், மியூனிக்கில். இங்கே ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டிலிருந்து துணிக்கடை வரை பூட்டு. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடை, பெட்ரோல் பங்க், சில மணி நேரம் திறந்திருக்கும் பேக்கரி, அவ்வளவுதான். ஏதோ வியாபாரிகள் கூடிப் பேசி விட்ட லீவு இல்லை இது. 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தில், ஞாயிறு உழைப்பிலிருந்து ஓயவும் மனதை உயர்த்திக்கொள்ளவுமான நாள் என்று எழுதினார்கள். 1949-இல் வந்த இப்போதைய அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே சேர்த்துக்கொண்டது. கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் உட்காரக்கூட விடாமல் நிற்க வைத்த கதை தெரிந்த யாரும் இதை எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

என் ஆதங்கம் அதுவல்ல. அந்த ஓய்வு என் அடுப்படிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது. சுவரில் ஓட்டை போட்டுப் படம் மாட்டக் கூடாது. சேர்ந்த கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடலாமென்றால் அதற்கும் ஞாயிறன்று தடை. உடைகிற சத்தம் ஆகாதாம். தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸியைத் துண்டால் சுற்றி, கதவைச் சாத்திக்கொண்டு, திருடியைப் போல விட்டு விட்டு ஓட்டியிருக்கிறேன். கீழ் வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாடிப்படியில் பார்த்த பார்வை போதாதா?

ஆக, மிச்சம் எல்லாம் சனிக்கிழமை தலையில். இரண்டு பேருக்கும் வேலை. வார நாட்களில் வீடு வந்து சேர்ந்து மூச்சு விடுவதற்குள் எட்டு மணி, கடையைச் சாத்திவிடுவார்கள். சனிக்கிழமை ஊரே கடையில் நிற்கும். காலி பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று மூட்டை கட்டிக்கொண்டு போனால் மெஷின் முன்னால் தனி வரிசை. நசுங்கிய டப்பாவை அது துப்பிவிடும். இவர் அதை நிமிர்த்தி நிமிர்த்தி மறுபடி ஊட்டுவார். பின்னால் நிற்கிறவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். நான் யாரோ மாதிரி வெங்காயம் பொறுக்கப் போய்விடுவேன்.

இந்த லட்சணத்தில் ஞாயிறன்று கொஞ்சம் படுக்கலாம் என்றால், இவருக்குப் பாஸ் ஞாபகம் வந்துவிடும். நாடு முழுக்க பஸ்ஸிலும் சாதா ரயிலிலும் போகிற மாதப் பாஸ். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63. விலை ஏற ஏற இவருடைய சுறுசுறுப்பும் ஏறுகிறது. "காசு கட்டியாச்சு, சும்மா கிடந்தா நஷ்டம்தானே?" அதிவேக ரயிலில் இந்தப் பாஸ் செல்லாது என்பதை மட்டும் சத்தமாகச் சொல்ல மாட்டார்.

நொய்ஷ்வான்ஷ்டைன் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் லுட்விக் என்கிற பவேரிய ராஜா 1869-இல் கட்ட ஆரம்பித்தது. 1886-இல் ஏரியில் பிணமாகக் கிடந்தபோது உள்ளே வேலை பாதிகூட முடியவில்லை. தனிமையை விரும்பிய மனிதர். அவர் போன சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டுவிட்டார்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

மியூனிக்கிலிருந்து ஃப்யூஸன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம். அப்புறம் பஸ். அப்புறம் மலையேற்றம், என் முட்டி கணக்கில் முக்கால் மணி. டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வாசலில் நிற்காவிட்டால் அது காகிதம்தான். ரயில் வழியில் எந்த விளக்கமும் இல்லாமல் நின்றதென்றால் இவர் கடிகாரத்தைப் பார்ப்பார், நான் இவரைப் பார்ப்பேன். அதற்குமேல் பேச்சு கிடையாது. அடித்துப் பிடித்து உள்ளே போனால் அரை மணியில் சுற்றிக் காட்டி, கடை வழியாக வெளியே விடுகிறார்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. நீங்கள் எல்லோரும் பார்த்த அந்தக் கோபுரப் படம் எதிர்ப்பக்கத்துப் பாலத்திலிருந்து எடுத்தது. அங்கேயும் வரிசை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, காற்றில் பறக்கிற துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சித்தி பெருமூச்சு விட்டது.

போட்டோ என்றதும் இன்னொன்று. நான் இவரை எடுத்தால் ஆளும் இருப்பார், மலையும் இருக்கும். இவர் என்னை எடுத்தால் ஒன்று எனக்குக் கால் இருக்காது, இல்லை கோபுரத்துக்குத் தலை இருக்காது. சொன்னால், "நல்லாத்தானே இருக்கு" என்பார்.

எல்லாமே வீண் என்று சொன்னால் வாய் கூசும். க்யோனிக்ஸே ஏரியில் 1909-லிருந்து மின்சாரப் படகுதான் விடுகிறார்கள். நடு ஏரியில் மோட்டாரை நிறுத்திவிட்டு படகுக்காரர் ஊதுகொம்பு வாசிக்க, எதிர்ப் பாறை அதைத் திருப்பி வாசித்தது. நான் உருகி உட்கார்ந்திருந்தேன். உடனே டிப்ஸ் வசூலும் வந்தது, அது வேறு விஷயம். திரும்பி வர படகுக்கு நின்ற வரிசையில் உருகல் எல்லாம் வடிந்துவிட்டது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் தயிர் இல்லை, கடையும் இல்லை, காலையில் ஆபீஸ். "வெளியே சாப்பிட்டிருக்கலாமே" என்கிறார் இவர். ஹோட்டலில் தண்ணீருக்கே தனிக் காசு என்று அங்கே சொன்னது யார்?

இப்போது புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது. பெரியப்பா மகன் குடும்பத்தோடு ஜூன் மாதம் வருகிறார். "தங்கச்சி, நீங்கதான் எல்லாம் பார்த்தவங்க, அந்த அரண்மனையையும் ஏரியையும் ஒரு எட்டு காட்டிடுங்க." இவர் போனை வாங்கி, "அதுக்கென்ன மச்சான், தாராளமா வாங்க. எனக்கு அந்த வாரம் ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. உங்க தங்கச்சி கூட்டிட்டுப் போவா, அவளுக்கு எல்லாம் அத்துப்படி" என்றார். தங்கச்சிக்கும் அதே வாரம் ஆபீஸ் உண்டு என்பதை நானே கத்திச் சொன்னேன். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது.