கேசட் காலத்து விளையாட்டுகள்

விளையாட்டை இகழ்வது கற்றோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வத்தோடும் அறிவோடும் ஒரே வரிசையில் நிற்கும் தகுதி அதற்கு உண்டு என்பது இதனாற் பெறப்படும். அவ்வுவகை தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாக வருமாயின் மட்டும் அதனைக் குற்றமெனக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிச் சிறுவர் பலர் ஆடி மகிழ்ந்த ஒரு தலைமுறை வீடியோ கேம்களைப் பற்றி எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அவற்றின் வரலாற்றை முதற்கண் சுருங்கக் காண்போம். கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம், 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஃபேமிகாம் என்னும் எட்டு பிட் பொறியை வெளியிட்டது. மசாயுகி உவேமுரா என்பார் அதனை வடிவமைத்தார். தொலைக்காட்சிப் பெட்டியோடு பொறியை இணைத்து, வேண்டிய ஆட்டத்தின் கேசட்டை மேலே செருகி ஆடவேண்டும். உலகெங்கும் 6 கோடிக்கு மேற்பட்ட பொறிகள் விற்பனையாயின. நம் நாட்டுச் சிறுவருட் பெரும்பாலோர் கண்டவையோ அதன் போலிகளே. 1990-களில் அவை சென்னைப் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் மலிவாய்க் கிடைத்தன. அங்கிருந்து மின்சார ரயிலேறித் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வந்து சேர்ந்தன. மூலப்பொறியின் உற்பத்தி 2003-இல் நின்றது. போலிகளோ அதன் பின்னரும் நெடுங்காலம் நடைபாதைக் கடைகளில் விற்றமையால், இந்நூற்றாண்டிற் பிறந்த யாமும் அவற்றை ஆடும் பேறு பெற்றோம். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளனவென்று அச்சிட்டிருப்பர். உள்ளே சிலவே இருக்கும். அவையே நிறமும் பெயரும் மாறித் திரும்பத் திரும்ப வரும். அதுபற்றி வருந்தியவர் இலர். அச்சிலவே போதியனவாய் இருந்தன.

போதியனவாய் இருந்தது எதனால்? சிறுமையுட் பெருமை காட்டியமையால் என்போம். ஃபேமிகாம் பொறியின் செயல் நினைவகம் 2 கிலோபைட் மாத்திரமே. 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட் அளவில் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதனினும் பன்மடங்கு பெரிது. இடம் போதாமையால், வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே வடிவத்தை வைத்து, நிறத்தை மட்டும் மாற்றினர். குறள் வெண்பாவுக்கு ஏழு சீரே எல்லை. அவ்வெல்லையைக் குறையென்று எவரும் சொல்வதில்லை. எல்லையே அதன் ஆற்றலுக்குக் காரணமாயிற்று என்கின்றோம். யாப்பின் கட்டுப்பாட்டில் நின்று பொருளைச் செறிப்பவனைப் புலவன் என்று போற்றும் நாம், 40 கிலோபைட்டில் ஓர் உலகத்தைப் படைத்தவர்களைப் போற்றாதிருப்பது முறையன்று.

இனி, இவ்வாட்டங்கள் ஆடுவோனிடம் எம்மொழியையும் வேண்டவில்லை என்பதைக் கருதுக. ஷிகெரு மியாமோட்டோவும் அவர்தம் குழுவினரும் அமைத்த மாரியோவின் முதற்கட்டத்தில் அறிவுரை ஒரு வரியும் இல்லை. எதிரே ஒரு சிறு பகை மெல்ல நடந்து வரும், மோதினால் உயிர் போகும், தாண்டினாற் பிழைக்கலாம். கேள்விக்குறி இட்ட கட்டியைத் தலையால் முட்டினால் காளான் ஒன்று வெளிப்படும். அது ஓடிக் குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வரும். தொட்டவுடன் உருவம் வளரும். ஆசிரியரின்றியே பாடம் முடிந்துவிடும். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டைச் சூழ்ந்த குடியிருப்புகளில் இதன் அருமை நன்கு புலனாகும். தமிழும் எல்லைப்புறத் தெலுங்கும் அங்கு முன்னமே உள்ளவை. ஒடியா, வங்காளம், இந்தி பேசுவோர் வேலை தேடி வந்து சேர்ந்துள்ளனர். தந்தையர் ஆலையில் சைகையாற் பேசிக்கொள்ளும் ஊரில், மக்கள் ஒரே திரைமுன் அமர்ந்து பேச்சின்றியே தோழராதல் சிறு நன்மையோ?

தோழமை என்றோம். அதுவே இத்தலைமுறை ஆட்டங்களின் தலையாய சிறப்பு. கான்ட்ரா என்னும் ஆட்டத்தில் இருவர் சேர்ந்து செல்வர். அருவியின் மேல் ஏறும் கட்டத்தில் ஒருவன் தன் திறமையைக் காட்ட விரைந்து ஏறினால், திரை மேலே நகர்ந்து, கீழே நிற்கும் தோழன் மடிவான். உடன்வருவோனின் நடைக்கு ஏற்பத் தன் நடையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் பாடம் எது? நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பாட்டில் சிட்டியும் இத்தகையதே. அதில் இருவர் தத்தம் பீரங்கி வண்டிகளால் ஓர் அரணைக் காப்பர். தன் குண்டு தோழன்மேற் பட்டால் அவன் சிறிதுநேரம் செயலற்று நிற்பான். தன் அரண்மேற் பட்டாலோ ஆட்டமே முடிந்துவிடும். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் கூடி நின்று அடைக்கும் நம் ஆடுபுலி ஆட்டமும் கூற வருவது இதுவன்றோ? மேலும், பாட்டில் சிட்டியில் செங்கல்லும் நீரும் காடும் வேண்டியவாறு வைத்து ஆடுவோனே தன் களத்தை அமைத்துக்கொள்ளலாம். ஆடுவோனைப் படைப்போனாக்கும் வாயில் அன்றே திறந்திருந்தது.

காலம் வீணாகும் என்பர் பெரியோர். அளவு கடந்தால் எதுவும் வீணே. நாவலும் அதற்கு விலக்கன்று. சூதாட்டம் பெருகும் என்று அஞ்சுவாரும் உளர். இணையவழிச் சூதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. இவற்றை யாம் வரவேற்கின்றோம். ஆனால் 2025-ஆம் ஆண்டுச் சட்டமே பந்தயமில்லாப் பொழுதுபோக்கு ஆட்டங்களைச் சூதினின்று வேறு பிரித்து வைத்துள்ளது. சட்டம் காணும் வேறுபாட்டைப் பெரியோரும் காண வேண்டுகின்றோம்.

எமக்கு வேறொரு கவலை உண்டு. பிளேஸ்டேஷன் 5 என்னும் பொறி 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் சில திங்கள் ஊதியம் அது. அவர் வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசியே களம். அதிலும் ஒருவர்க்கு ஒரு திரை. பாயில் இருவர் தோளோடு தோள் அமர்ந்து ஆடும் வழக்கம் அருகி வருகின்றது. மறைவது பழம்பொறி மாத்திரமாயின் யாம் வருந்தோம். அதனோடு அண்டை வீட்டானும் மறைகின்றானே என்றுதான் வருந்துகின்றோம்.

எனினும், நம்பிக்கைக்கு இடம் இல்லாமற் போகவில்லை. டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. தமிழகம் விட்டுக் கனடாவிற் குடியேறிய ஒரு தாய், தன் அன்னை தந்த, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி முதலியன சமைப்பதும், மகன் தாய்மொழியினின்று விலகிச் செல்வதும் அதன் கதை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, படைப்பாளரின் முதல் ஆட்டத்துக்கு வழங்கும் விருதை அதற்கு அளித்தது. அங்கே வெல்லுதற்குப் பகை இல்லை. மறந்ததை நினைவுகூர்வதே வெற்றி. வடபுலத் தொழிலாளரும், இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்வோருமாக, வீட்டை விட்டு வந்தோர் பலர் வாழும் கும்மிடிப்பூண்டிக்கு இக்கதை அயலானதன்று.

மாணவத் தோழர்களே! நம் கல்லூரியில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் உள்ளன. அவ்விரண்டு துறை மாணவரும் கூடிப் பழவேற்காட்டு ஏரியையோ, ஆலைச் சங்கொலிக்கு எழும் ஒரு குடும்பத்தையோ பொருளாகக் கொண்டு ஓர் ஆட்டம் இயற்றுதல் அரிதன்று. விலையுயர்ந்த பொறி வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. நாற்பது கிலோபைட் எவ்வளவு கொள்ளும் என்பதை முன்னோர் காட்டிச் சென்றனர். ஒன்றை மட்டும் மறவாதிருப்போம்: அது இருவர் சேர்ந்து ஆடுவதாக இருக்கட்டும்.