தோல் காக்காத குழந்தையை யார் காப்பது?



சில வாரங்களுக்கு முன் என் வகுப்பு மாணவர் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்த படமொன்றைக் காட்டினார். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை. உடலெங்கும் தடித்த தகடுகள். அவற்றினிடையே ஆழமான சிவந்த வெடிப்புகள். வெளிப்புறமாகப் பிதுங்கிய கண்ணிமைகள். படத்தின் கீழே 'வேற்றுக்கிரகக் குழந்தை' என்று எழுதியிருந்தது. "இது உண்மையா, சார்?" என்று கேட்டார்.

"குழந்தை உண்மை, எழுதியிருப்பது பொய்" என்றேன். அன்று நான் நடத்தவேண்டிய பாடம் உள்ளுறை வெப்பம். அந்தப் பாடத்தைக் கொண்டே அந்தக் குழந்தையைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் தோலின் வெளியடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே கனமுடையது. ஆயினும் உடலின் நீர் வெளியேறாமல் தடுப்பது அதுதான். அதை ஒரு செங்கற்சுவர் எனலாம். இறந்துபோன தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றை இணைக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து.

'இக்தியோசிஸ்' எனப்படும் அரிய பிறவித் தோல்நோய்களில் இந்தச் சுவர் சரியாக அமைவதில்லை. மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தோல் செதில்போல் காணப்படுவதே காரணம். அவற்றுள் மிகக் கடுமையான வகை 'ஹார்லெக்வின் இக்தியோசிஸ்'. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் ஆலிவர் ஹார்ட் என்ற பாதிரியார் 1750-ல் இத்தகைய குழந்தையைக் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். காரணம் தெளிவானதோ 2005-ல்தான். ஏ.பி.சி.ஏ.12 என்னும் மரபணு பழுதுபட்டால், கொழுப்பு உரிய இடத்திற்குச் சென்று சேர்வதில்லை. அதாவது, செங்கல் குவிகிறது; சாந்து இல்லை.

'தோல் அவ்வளவு தடித்திருக்கும்போது நீர் எப்படி வெளியேறும்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சாந்து இல்லாத சுவரை எவ்வளவு கனமாக அடுக்கினாலும் ஒழுகத்தானே செய்யும்?

இனி ஒரு சிறு கணக்கு. உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். மண்பானை நீரைக் குளிரவைப்பது இதுவே. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஒரு கிராம் நீர் ஆவியானால், உடல் புதிதாக வெப்பம் எதையும் உண்டாக்காத நிலையில், வெப்பநிலை ஏறத்தாழக் கால் டிகிரி செல்சியஸ் குறையும். மேலும், ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று கணக்கிட்டால், பச்சிளங்குழந்தைக்குப் பெரியவர்களைப்போல் இரண்டரை மடங்கு தோற்பரப்பு உண்டு. ஆகவே அந்தக் குழந்தை உலர்கிறது. கூடவே குளிர்ந்தும் போகிறது. இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. வெடிப்புகளின் வழியே நோய்க்கிருமிகளும் நுழைகின்றன.

இதற்கு மருத்துவமனையில் முதலில் செய்வது என்ன தெரியுமா? இன்குபேட்டரில் வைத்துக் காற்றின் ஈரப்பதத்தை உயர்த்துகிறார்கள்; சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். பெட்ரோலியம் ஜெல்லி போன்ற சாதாரணக் களிம்பைப் பலமுறை பூசுகிறார்கள். இல்லாத சாந்துக்கு அது ஒரு தற்காலிக மாற்று. தகடுகளை உரிப்பதில்லை, அவை தாமே உதிரவேண்டும். நாள்தோறும் எடை பார்க்கிறார்கள். இழந்த நீரின் கணக்கைத் தராசு சொல்லிவிடும். மூடாத கண்களுக்கு மருந்திட்டு, பால் உறிஞ்ச முடியாத வாய்க்குக் குழாய் வழியே தாய்ப்பால் தருகிறார்கள். சிலருக்கு மருந்துகளும் உண்டு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இந்நோயுடன் பிறந்த 45 பேரின் விவரங்களைத் தொகுத்தது. அவர்களில் 25 பேர் உயிருடன் இருந்தனர். மூத்தவருக்கு வயது 25.

ஆனால் அரிய தோல்நோய் எல்லாவற்றிற்கும் இதே முறை பொருந்தாது. 'எபிடெர்மோலைசிஸ் புல்லோசா' என்பது மற்றொரு பிறவி நோய். இதில் பழுது சுவரில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. தோலின் அடுக்குகளைப் பிணைக்கும் புரதங்கள் குறைபட்டிருப்பதால், சிறிது உராய்ந்தாலே கொப்புளம் எழுகிறது. ஈரமும் வெப்பமும் கொப்புளங்களை மிகுவிக்கக்கூடும் என்பதால், குறைமாதக் குழந்தையாக இருந்தாலன்றி இன்குபேட்டரைத் தவிர்க்கிறார்கள். பிளாஸ்திரி ஒட்டுவதில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், மெத்தையோடு சேர்த்துத் தூக்குகிறார்கள். நேராக அழுத்தும் விசையை அத்தோல் ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்காது. ஒரு குழந்தையைக் காக்கும் ஈரவெப்பமே இன்னொரு குழந்தைக்குத் தீங்காகிறது. ஆகவே கைவைத்தியம் கூடாது. நோயை அறிந்த மருத்துவரிடம் விரைந்து சேர்ப்பதே முதல் உதவி.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இத்தகைய குழந்தை பிறந்ததும் முதலில் கூடுவது வேடிக்கை பார்க்கும் கூட்டம். அடுத்து எழுவது தாயின்மீது பழி. 'கிரகணத்தன்று வெளியே வந்தாள்' என்பார்கள். நிலவின் நிழல் மரபணுவை மாற்றாது. ஹார்லெக்வின் நோய் வரவேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாகவேண்டும். அந்த இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே தாயை மட்டும் பழிப்பது அறமும் அன்று, கணக்கும் அன்று. நம்மிடையே வழக்கமாயுள்ள நெருங்கிய உறவுத் திருமணங்களில், ஒரே முன்னோரின் பழுதான மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. கிரகணத்தைப் பற்றிப் பேசும் வீடுகள் இதைப் பற்றிப் பேசினால் நன்மை உண்டு. அத்தகைய குடும்பம் அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறலாம்.

'மருத்துவர் செய்யவேண்டியதை எங்களுக்கு ஏன் சொல்லுகிறீர்கள்?' என்று நினைக்கிறீர்களா? இந்நோய்கள் அரியவை, அதனால்தான் முதல் சில மணி நேரம் வியப்பிலும் அச்சத்திலும் வீணாகிறது. அந்த நேரத்தில் அக்குழந்தை கிராம் கிராமாக நீரை இழந்துகொண்டிருக்கிறது. ஆவியாதலையும் உராய்வையும் தேர்வுக்காகப் படித்த நீங்கள், அருகில் இருந்தால், 'படம் எடுக்காதீர்கள். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்' என்று சொல்லலாமே!

அந்தப் படத்தை மாணவர் அழித்துவிட்டார். அதை அனுப்பிய நண்பருக்கும், 'இது நோய். சிகிச்சை உண்டு' என்று எழுதியனுப்பினார். உங்கள் கைக்கு வந்தாலும் அதையே செய்யுங்கள்.