காற்று நின்றுவிட்டது என்று ஏமாறாதீர்கள்

கேள்வி: வெளிநாடுகளில் ஆராய்ச்சிக் குழுவினர் புயலைத் துரத்திக்கொண்டு போகிறார்களாமே, நம் பகுதியில் அப்படி உண்டா? இரண்டு ஏக்கர் சம்பா வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்?
- வாசகர், கும்மிடிப்பூண்டி வட்டம்

பதில்: அமெரிக்காவில் 1943 முதல் சூறாவளிக்குள்ளேயே விமானத்தில் போய்க் காற்றையும் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். வங்கக் கடல் புயலை நம்மவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே பின்தொடர்கிறார்கள். மேலே இன்சாட் செயற்கைக்கோள், கடலில் மிதவைகள், மீனம்பாக்கத்தில் தினமும் பறக்கவிடும் பலூன் ஆகியவை தகவல் தருகின்றன. சென்னைத் துறைமுகம், பள்ளிக்கரணை, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ஆகிய இடங்களில் டாப்ளர் ரேடார்கள் உள்ளன. மழைத்துளி ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை வைத்து இவை காற்றின் வேகத்தைக் கணிக்கின்றன.

இதனால் விவசாயிக்குக் கிடைப்பது நேரம். புயல் எச்சரிக்கையில் மஞ்சள் நிறம் வந்தால் சுமார் 48 மணி நேரம், ஆரஞ்சு வந்தால் சுமார் 24 மணி நேரம் கையில் இருக்கிறது.

மஞ்சள் வந்ததும் செய்ய வேண்டியவை: வடிகாலைத் திறந்து விடுங்கள். யூரியா போடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்துங்கள். கதிரில் 80 சதவீதம் பழுத்திருந்தால் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பூக்கும் பயிரையோ பால் பிடிக்கும் பயிரையோ அறுக்க முடியாது. அதற்கு வடிகால்தான் காப்பு.

ஆரஞ்சு வந்தால் கொட்டகைத் தகரத்தை இறுகக் கட்டி, மாடுகளை மேட்டில் விடுங்கள். சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் திரும்பும் வழியை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பறந்து வரும் தகரம் ஆளைச் சாய்த்துவிடும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைக் கடந்தபோது, புயலின் கண் வந்த இடங்களில் காற்று சட்டென்று அடங்கியது. பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்தால், அடுத்தது தெற்கிலிருந்து வரும். அந்த இடைவெளியை நம்பித் தொழுவத்துக்குப் போவதுதான் உயிருக்கு ஆபத்து. கொட்டகையை இரண்டு பக்கமும் கட்ட வேண்டும் என்பதும் இதனால்தான்.

புயல் நமக்குத் தெற்கே கரை கடந்தால் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். பழவேற்காடு ஓரத்து ஊர்களில் கடல்நீர் உள்ளே வரலாம். கரை தொடாமல் ஒட்டிப் போகும் புயலும் சாதாரணமானதல்ல. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் அப்படித்தான் போனது. கரை கடந்தது 5-ம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளம் சூழ்ந்ததோ சென்னையிலும் திருவள்ளூரிலும்.

அறுத்து வயலில் பரப்பிய கதிர் புயல் மழையில் கெட்டால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை பயிர்க் காப்பீட்டில் இடமுண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

மேகதூத் செயலியில் செவ்வாய், வெள்ளிதோறும் வானிலை சார்ந்த வேளாண் ஆலோசனை வருகிறது. ஆபத்து நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-ல் அழைக்கலாம். இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். புயல் நேரத்தில் செல்போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.