கயனைட்டும் ஒரு கத்தியும்

ஜியாலஜி வைவாவில் கேட்டார்கள்: "கயனைட்டோட ஹார்ட்னஸ் எவ்வளவு?" "ஏழு"ன்னு சொன்னேன். மார்க் வந்துச்சு. அது பாதி பதில்தான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது.

கயனைட் ஒரு அலுமினியம் சிலிகேட். உருமாற்றப் பாறைகளில் நீல நிறத்தில் நீளநீளமாகக் கிடைக்கும். நீளவாக்கில் கீறினா மோஸ் அளவில் சுமார் 5, குறுக்கே கீறினா 7. ஸ்டீல் கத்தி சுமார் 5.5. அதனால ஒரே கல்லில் ஒரு பக்கம் கோடு விழும், இன்னொரு பக்கம் கத்தி வழுக்கிட்டுப் போகும். அணுக்களின் பிணைப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை, அதான் விஷயம். 'இரட்டை பலம்'னு பொருள்படும் டிஸ்தீன் என்ற பழைய பெயரே இதனாலதான்.

நம்ம லேப்ல அந்தக் கல் பூட்டின கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு. ரெக்கார்டுல மட்டும் அழகா வரைஞ்சிருக்கோம், கலர் பென்சில் வேற!

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேட்பீங்க. அடுத்த வருஷம் உங்கள்ல சிலர் சைட்ல நிப்பீங்க. தகடு தகடா இருக்கிற சிஸ்ட் பாறையும் திசைக்குத் திசை வேற பலம் காட்டும். ஒரே எண்ணை நம்பி அங்க சரிவை வெட்டினா, கீழ நிக்கிறவங்க மேலதான் பாறை சரியும்.

அலமாரிச் சாவியைக் கேளுங்க. ஒரு கத்தியும் எடுத்துட்டுப் போங்க.